நீர்மத்துள் ஒழுங்கு கண்டவர்

நுழையும்முன்

கைக்கடிகாரத்தின் எண்களிலும் கணக்கிடும் கருவியின் திரையிலும் தொலைக்காட்சிப் பெட்டியின் ஒளிப்பரப்பிலும் ஒரு பொருள் ஓசையின்றிப் பணியாற்றுகின்றது. அது முழுமையான திண்மமும் அன்று. முழுமையான நீர்மமும் அன்று. நீர்மம்போல் ஓடும், படிகம்போல் ஒளியை ஆளும். அப்பொருளின் இயல்பை ஆராய்வதற்கே தம் வாழ்நாளின் பெரும்பகுதியை ஈந்தவர் இயற்பியல் அறிஞர் சிவராமகிருஷ்ண சந்திரசேகர். நெடுங்காலம் அறிவியல் உலகம் கொண்டிருந்த எண்ணமொன்றை, இந்திய மண்ணில் நிகழ்த்திய ஆய்வால் மாற்றியமைத்த அவரது வாழ்வை இப்பாடம் எடுத்துரைக்கின்றது.

பெயர் ஒன்று, அறிஞர் இருவர்

சந்திரசேகர் என்னும் பெயரைக் கேட்டவுடன் பலர்க்கும் நினைவுக்கு வருபவர், விண்மீன்களின் வாழ்வையும் முடிவையும் ஆராய்ந்து 1983-ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகர் ஆவார். அவருடைய அத்தை மகனே நீர்மப் படிக அறிஞர் சந்திரசேகர். ஒருவருக்குத் தந்தையின் தம்பியாகவும் மற்றவருக்குத் தாய்மாமனாகவும் அமைந்தவர் சர் சி.வி. இராமன். ஒரே குடும்பத்தில் தோன்றி ஒரே பெயரைத் தாங்கிய இவ்விருவருள் ஒருவர் வானத்தின் பேரளவுப் பொருள்களை ஆராய்ந்தார். மற்றவர் கண்ணுக்குப் புலப்படாத மூலக்கூறுகளின் அணிவகுப்பை ஆராய்ந்தார்.

பிறப்பும் கல்வியும்

சந்திரசேகர் 1930-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 6-ஆம் நாள் கொல்கத்தாவில் பிறந்தார். தந்தை சிவராமகிருஷ்ணன் அரசின் கணக்குத்துறையில் உயர்பதவி வகித்தவர். தாய் சீதாலட்சுமி, இராமனின் உடன்பிறந்தவர். உடன்பிறந்தோருள் மூத்தவரான இராமசேஷனும் இளையவரான பஞ்சரத்தினமும் பிற்காலத்தில் புகழ்பெற்ற இயற்பியல் அறிஞர்களாக விளங்கினர். ஒரு வீட்டில் மூவர் அறிவியலுக்கே தம்மை ஒப்படைத்தனர்.

நாகபுரிப் பல்கலைக்கழகத்தில் 1951-ஆம் ஆண்டு இயற்பியலில் முதுகலைப் பட்டம் பெற்ற சந்திரசேகர், பெங்களூருவில் இராமன் 1948-ஆம் ஆண்டு நிறுவியிருந்த ஆய்வு நிறுவனத்தில் மாணவராகச் சேர்ந்தார். சில படிகங்களின் ஊடே செல்லும் முனைவுற்ற ஒளி, தன் அதிர்வுத் தளத்திலிருந்து சிறிது சிறிதாகத் திரும்பிக்கொண்டே செல்லும். ஒளியின் நிறத்திற்கேற்ப அத்திருப்பத்தின் அளவும் மாறும். அம்மாற்றத்தைப் பல படிகங்களில் நுட்பமாக அளந்தறிவதே இளைஞர் சந்திரசேகருக்கு அமைந்த முதல் ஆய்வு. மாமனே ஆசிரியர் என்பதால் சலுகை ஏதும் கிடைக்கக்கூடிய இடமன்று அது. எளிய கருவிகள், நீண்ட பொறுமை, பிழையற்ற அளவீடு ஆகியவையே அவ்வாய்வகத்தின் இலக்கணம். 1954-ஆம் ஆண்டு முனைவர் பட்டம் பெற்றபோது, ஒளியும் படிகமும் ஒன்றையொன்று எதிர்கொள்ளும் முறையை அவர் ஆழ்ந்து அறிந்திருந்தார். இவ்வறிவே பின்னாளில் அவரது முதன்மை ஆய்வுக்கு அடித்தளமாயிற்று.

கேம்பிரிட்ஜிலிருந்து மைசூருக்கு

தொடர்ந்து உதவித்தொகை பெற்று இங்கிலாந்து சென்ற சந்திரசேகர், கேம்பிரிட்ஜின் புகழ்பெற்ற காவென்டிஷ் ஆய்வகத்தில் சேர்ந்தார். படிகத்தின்மீது எக்சு கதிர்களும் நியூட்ரான்களும் பட்டுச் சிதறும்போது அளவீட்டில் ஏற்படும் குறைவுகளைத் திருத்தும் முறைகளை ஆராய்ந்து, இரண்டாவது முனைவர் பட்டத்தையும் பெற்றார். பின்னர் இலண்டனில் பல்கலைக்கழகக் கல்லூரியிலும் அரச நிறுவனத்திலும் பணியாற்றினார்.

வெளிநாட்டில் வாய்ப்புகள் காத்திருந்த காலம் அது. எனினும் 1961-ஆம் ஆண்டு தாயகம் திரும்பி, மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் புதிதாகத் தொடங்கப்பெற்ற இயற்பியல் துறையின் முதல் தலைவராகப் பொறுப்பேற்றார். புதிய துறைக்குப் பெரிய கருவிகள் இல்லை. நெடிய ஆய்வு மரபும் இல்லை. இந்நிலையில் எப்பொருளைத் தேர்ந்தெடுத்தால் சிறிய துறையொன்று உலகத்தரமான ஆய்வைச் செய்ய இயலும் என்பதே அவர்முன் நின்ற வினா. பலரும் மறந்துவிட்டிருந்த ஒரு துறையை அவர் தேர்ந்தெடுத்தார். அதுவே நீர்மப் படிகம்.

நீர்மப் படிகம் என்பது யாது?

1888-ஆம் ஆண்டு பிராகு நகரில் வாழ்ந்த ஆஸ்திரியத் தாவரவியல் அறிஞர் பிரெடரிக் ரைனிட்சர், கொலெஸ்டிரால் பென்சோயேட் என்னும் பொருளைச் சூடாக்கினார். ஏறத்தாழ 145 டிகிரி செல்சியசில் அது உருகிக் கலங்கிய நீர்மமாயிற்று. மேலும் சூடாக்கியபோது 178 டிகிரியை ஒட்டி மீண்டும் ஒரு மாற்றம் நிகழ்ந்து தெளிந்த நீர்மமாயிற்று. ஒரே பொருளுக்கு இரண்டு உருகுநிலைகளா என வியந்த அவர், ஜெர்மானிய இயற்பியல் அறிஞர் ஓட்டோ லேமனிடம் அதனை அனுப்பினார். முனைவுற்ற ஒளியில் நுண்ணோக்கியால் நோக்கிய லேமன், கலங்கிய நீர்மம் படிகத்தின் ஒளிப்பண்புகளைக் கொண்டிருத்தலைக் கண்டார். திண்மத்திற்கும் நீர்மத்திற்கும் இடையே மற்றுமொரு நிலை உண்டு என்பது அவ்வாறு வெளிப்பட்டது.

இந்நிலையை விளங்கிக்கொள்ள, உத்திரமேரூர்க் குடவோலை முறை நல்லதோர் எடுத்துக்காட்டாகும். முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு அம்முறையை விரிவாகக் கூறுகின்றது. குடும்பு தோறும் பெயர் எழுதிய ஓலைகளைக் கட்டாகக் கட்டிக் குடத்தில் இடுவர். பின்னர் ஒரு கட்டை எடுத்து, அவிழ்த்து, வேறொரு குடத்திலிட்டுக் குலுக்குவர். அதன்பின் சிறுவன் ஒருவனைக்கொண்டு ஓர் ஓலையை எடுப்பிப்பர்.

கட்டாகக் கட்டிய ஓலைகள் யாவும் ஒரே திசையை நோக்கியிருக்கும். ஒவ்வொன்றும் தனக்குரிய இடத்தைவிட்டு அசையாது. இது திண்மப் படிகத்தின் நிலை. குலுக்கப்பட்ட ஓலைகளுக்குத் திசையும் இல்லை. நிலையான இடமும் இல்லை. இது நீர்மத்தின் நிலை. கட்டை மட்டும் அவிழ்த்து, குலுக்காமல் விட்டால் யாது நிகழும்? ஓலைகள் ஒன்றன்மேல் ஒன்று நழுவி இடம் மாறும். ஆயினும் பெரும்பாலும் ஒரே திசையையே நோக்கியிருக்கும். இடத்தில் ஒழுங்கின்மையும் திசையில் ஒழுங்கும் கூடிய இவ்விடைநிலையே நீர்மப் படிகத்தின் எளிய வகையான நெமாட்டிக் நிலை. மூலக்கூறுகள் திசை ஒழுங்கோடு அடுக்கடுக்காகவும் அமையுமாயின் அது சுமெக்டிக் நிலை. அவற்றின் திசை படிப்படியாகத் திருகிச் சென்றால் அது கொலெஸ்டிரிக் நிலை. 1922-ஆம் ஆண்டு பிரெஞ்சு அறிஞர் ஜார்ஜ் பிரீடல் இவ்வகைப்பாட்டை வகுத்தளித்தார்.

ஓலைகளைக் குலுக்குவது கை. மூலக்கூறுகளைக் குலுக்குவது வெப்பம். வெப்பம் மிக மிகத் திசை ஒழுங்கு குறைந்துகொண்டே வரும். ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில் எஞ்சியிருக்கும் ஒழுங்கும் திடீரென மறைந்து பொருள் தெளிந்த நீர்மமாகும். இதனை நிலைமாற்றம் என்பர். ஒழுங்கு எவ்வாறு குலைகின்றது, ஏன் அந்த வெப்பநிலையில் குலைகின்றது என்னும் வினாக்களே சந்திரசேகரின் ஆய்வுக் களமாயின.

மைசூரில் மலர்ந்த ஆய்வு

படிகம் உருகும்போது அதன் மூலக்கூறுகள் இருவகை ஒழுங்கை இழக்கின்றன. ஒன்று, தாம் நின்ற இடத்தின் ஒழுங்கு. மற்றொன்று, தாம் நோக்கிய திசையின் ஒழுங்கு. இரண்டும் ஒருங்கே குலைந்தால் பொருள் நேரே நீர்மமாகிவிடும். இட ஒழுங்கு முதலிலும் திசை ஒழுங்கு பின்னரும் குலைந்தால் இடையில் நீர்மப் படிக நிலை தோன்றும். எவ்வகை மூலக்கூறுகளில் எது முந்தும் என்பதைக் கணக்கிட்டுக் காட்டும் கோட்பாட்டை, சந்திரசேகரும் அவருடைய மாணவர்களும் 1970-ஆம் ஆண்டளவில் வளர்த்தெடுத்தனர். ஒழுங்கின்மை என்பது வெறும் குலைவன்று. அதற்கும் முறையும் வரிசையும் உண்டு என்பதை அவ்வாய்வு புலப்படுத்தியது.

கொலெஸ்டிரிக் நீர்மப் படிகங்கள் வெயிலில் மின்னும் வண்டின் சிறகுபோல் நிறங்காட்டும். மூலக்கூறுகளின் திருகல் அமைப்பு ஒரு குறிப்பிட்ட அலைநீள ஒளியை மட்டும் திருப்பி அனுப்புவதே அதற்குக் காரணம். படிகத்தில் எக்சு கதிர்கள் சிதறுவதைக் கேம்பிரிட்ஜில் கற்றிருந்த சந்திரசேகர், அதே கணித முறையை நீர்மப் படிகத்தில் ஒளி எதிரொளிப்பதற்குப் பொருத்திக் காட்டினார். பெங்களூருவில் கற்ற ஒளியியலும் கேம்பிரிட்ஜில் கற்ற படிகவியலும் மைசூரில் ஒன்றிணைந்தன.

மாணவர் மதுசூதனாவுடன் இணைந்து அவர் செய்த மற்றோர் ஆய்வும் குறிப்பிடத்தக்கது. ஒரு முனையில் நேர்மின்னும் மறுமுனையில் எதிர்மின்னும் மிகுந்த மூலக்கூறுகள் நெமாட்டிக் நிலையில் எவ்வாறு அமையும்? எல்லாம் ஒரே முகமாக நிற்கும் என்று எண்ணுதல் இயல்பு. ஆனால் அருகருகே உள்ள மூலக்கூறுகள் தலையும் காலும் மாறிக் கிடப்பதையே விரும்பும் என்று அவ்விருவரும் கணக்கிட்டுக் கூறினர். பின்னர் அத்தகைய பொருள்களில் எக்சு கதிர் ஆய்வு நடைபெற்றது. அடுக்குகளின் இடைவெளி ஒரு மூலக்கூற்றின் நீளமாகவும் இல்லை, இருமடங்காகவும் இல்லை, ஏறத்தாழ 1.4 மடங்காக இருந்தது. எதிரெதிர் முகமாக ஓரளவு ஒன்றன்மேல் ஒன்று படிந்த இணைகளாலேயே அவ்வளவு அமையும். மின்னணுத் திரைகளில் பயன்படும் பல பொருள்கள் இவ்வகையினவே ஆதலால் இம்முடிவு பெரிதும் பயன்பட்டது.

தம்பியின் மறைவு

மைசூர்த் துறையில் சில ஆண்டுகள் சந்திரசேகரோடு பணியாற்றியவர் அவர்தம் இளவல் பஞ்சரத்தினம். இருபத்திரண்டு வயதில், 1956-ஆம் ஆண்டில், ஒளியின் முனைவு நிலைகள் ஒரு சுற்று மாறி மீளும்போது ஒளியலையில் எஞ்சும் கட்ட வேறுபாட்டைக் கண்டறிந்தவர் அவர். பின்னர் ஆக்சுபோர்டுக்குச் சென்ற அவர், 1969-ஆம் ஆண்டு தம் முப்பத்தைந்தாம் வயதில் இயற்கை எய்தினார். அவரது கண்டுபிடிப்பின் அருமையை உலகம் அப்போது அறிந்திருக்கவில்லை. 1984-ஆம் ஆண்டு இங்கிலாந்து அறிஞர் மைக்கேல் பெர்ரி குவாண்டம் இயற்பியலில் அதையொத்த உண்மையை வெளியிட்டார். அதன்பின், பஞ்சரத்தினத்தின் பழைய கட்டுரையை இராமசேஷனும் நித்யானந்தாவும் அறிவியல் உலகிற்கு எடுத்துக்காட்டினர். இன்று அவ்வுண்மை பஞ்சரத்தினம் பெயராலும் பெர்ரி பெயராலும் வழங்குகின்றது.

தம்பியை இழந்த துயரத்திலும் சந்திரசேகரின் பணி தடைப்படவில்லை. 1970-ஆம் ஆண்டு நவம்பரில் இராமனும் மறைந்தார். இராமன் விட்டுச்சென்ற நிறுவனத்தைப் புதுப்பிக்கும் பொறுப்பை ஏற்றவர்கள், அங்கு நீர்மப் படிக ஆய்வகம் அமைக்குமாறு சந்திரசேகரை அழைத்தனர். 1971-ஆம் ஆண்டு மைசூரில் தம்மிடம் பயின்றவர்களுள் சிலரோடு அவர் பெங்களூரு சேர்ந்தார். மாணவராக நுழைந்த இடத்திற்கு இப்போது ஆய்வகத் தலைவராகத் திரும்பினார்.

அழுத்தத்தில் பிறந்த நிலை

பெங்களூரு ஆய்வகத்தில் வேதியியலாரும் இயற்பியலாரும் ஒரே கூரையின்கீழ்ப் பணியாற்றினர். புதிய பொருளை ஒருவர் ஆக்க, அதன் ஒளிப்பண்பை மற்றொருவர் நோக்க, எக்சு கதிரால் மூன்றாமவர் அளக்க, கோட்பாட்டை நான்காமவர் வகுக்க என அமைந்த இக்கூட்டுமுறையே அவ்வாய்வகத்தின் வலிமை.

வெப்பத்தை மட்டுமன்றி அழுத்தத்தையும் மாற்றிப் பார்த்தால் யாது விளையும் என்று அக்குழு ஆராய்ந்தது. மூத்தவர் இராமசேஷனும் இதில் பங்கேற்றார். மீத்தாக்சி பென்சோயிக் அமிலம் போன்ற சில பொருள்கள் இயல்பான வளிமண்டல அழுத்தத்தில் நீர்மப் படிகமாவதில்லை; நேரே உருகி நீர்மமாகிவிடும். உயர் அழுத்தத்திற்கு உட்படுத்தியபோது அவற்றிலும் நீர்மப் படிக நிலை தோன்றியது. நெருக்கப்பட்ட மூலக்கூறுகள் திசை ஒழுங்கைப் பற்றிக்கொண்டு நீண்டநேரம் விடாதிருந்தன. உருகுதல் பற்றிய முன்னைய கோட்பாடு கூறியதும் இதுவே. ஏட்டில் எழுதியது கருவியில் கண்முன் நின்றது.

1973-ஆம் ஆண்டு டிசம்பரில் பெங்களூருவில் நடைபெற்ற பன்னாட்டு நீர்மப் படிக மாநாடு, இந்திய ஆய்வாளர்களையும் உலக ஆய்வாளர்களையும் ஒருங்கிணைத்தது.

கோலிலிருந்து வட்டுக்கு

நீர்மப் படிகமாகும் மூலக்கூறு நீண்டு, கோல்போல் இருத்தல் வேண்டும் என்பது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானிய வேதியியல் அறிஞர் டேனியல் ஃபோர்லெண்டர் கண்ட விதி. ஆயிரக்கணக்கான பொருள்கள் அவ்விதிக்குப் பொருந்தின. ஆதலின் பிற வடிவங்களைத் தேடுவோர் அரிதாயினர்.

சந்திரசேகர் வேறுவகையாக எண்ணினார். மூலக்கூறுகள் திசை ஒழுங்கு பெறுவதற்குக் காரணம், அவை எல்லாப் பக்கமும் ஒருபடித்தாக இல்லாமையே. அவ்வாறாயின் கோல் மட்டுமன்றித் தட்டையான வட்டும் ஒழுங்கு பெறலாம் அன்றோ? கோலுக்கு அதன் நீளம் திசையைக் காட்டும். வட்டுக்கு அதன் முகத்தின் செங்குத்து திசையைக் காட்டும்.

இவ்வெண்ணத்தைச் சோதிக்க உகந்த பொருளை ஆக்கும் பணியை வேதியியல் அறிஞர் பி.கே. சதாசிவா மேற்கொண்டார். தட்டையான பென்சீன் வளையத்தின் ஆறு மூலைகளிலும் ஆறு நீண்ட கரிமச் சங்கிலிகளை இணைத்த மூலக்கூறுகள் அவை. நடுவில் இறுகிய மையம். சுற்றிலும் நெகிழ்ந்த கைகள். கே.ஏ. சுரேஷும் உடனிருக்க, வெப்ப அளவீடு, ஒளி நுண்ணோக்கி, எக்சு கதிர் ஆகிய மூவழிகளாலும் அப்பொருள்கள் ஆராயப்பட்டன. 80 டிகிரி செல்சியசை ஒட்டி உருகிய பொருள், சில டிகிரி வெப்பநிலை இடைவெளிக்குள் மட்டும் புதியதொரு நிலையில் நின்றது; பின்னரே தெளிந்த நீர்மமாயிற்று. இடைவெளி சிறிது. கவனம் சிறிது தளர்ந்திருப்பின் அந்நிலை காணப்படாமலே போயிருக்கும்.

எக்சு கதிர்ப் படம் அந்நிலையின் உள்ளமைப்பைக் காட்டியது. மூலக்கூறு வட்டுகள் நாணயங்களை அடுக்கியதுபோல் ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தூண்களாக நின்றன. அத்தூண்கள் அறுகோண முறையில் அணிவகுத்தன. தூண்களுக்கு இடையே படிகத்தின் ஒழுங்கு உண்டு. ஒவ்வொரு தூணின் உள்ளேயும் வட்டுகளின் இடைவெளி சீராக இன்றி நீர்மத்தின் ஒழுங்கின்மை நிலவியது. இரு திசைகளில் படிகமாகவும் மூன்றாம் திசையில் நீர்மமாகவும் ஒரே பொருள் திகழ்ந்தது. அத்தகைய அமைப்பு அதுவரை எவரும் காட்டாதது.

இக்கண்டுபிடிப்பை மூவரும் 1977-ஆம் ஆண்டு பிரமாணா என்னும் இந்திய ஆய்விதழில் வெளியிட்டனர். பெரிய கண்டுபிடிப்புகளை அயல்நாட்டு இதழ்களுக்கு அனுப்புவதே வழக்கமாக இருந்த காலத்தில், தொடங்கிச் சில ஆண்டுகளே ஆன இந்திய இதழுக்கு அவர்கள் அக்கட்டுரையை அளித்தனர். உலகம் அதனைத் தேடிவந்து படித்தது. இன்றுவரை பல்லாயிரம் வட்டுவடிவ நீர்மப் படிகப் பொருள்கள் ஆக்கப்பட்டுள்ளன. திரையைப் பக்கவாட்டிலிருந்து நோக்கும்போதும் படம் மங்காமல் தெரிவதற்கு உதவும் மென்படலங்கள் வட்டுவடிவ மூலக்கூறுகளால் செய்யப்பட்டன. மூலக்கூற்றுத் தூண்களின் வழியே மின்னூட்டம் எளிதில் ஓடும் என்பதும் பின்னர் அறியப்பட்டது. சூரிய மின்கலம் முதலியவற்றில் அதனைப் பயன்படுத்தும் ஆய்வு தொடர்கின்றது.

அதே 1977-ஆம் ஆண்டு, நீர்மப் படிகங்கள் என்னும் அவரது நூலைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்டது. உருசிய மொழியிலும் சப்பானிய மொழியிலும் பெயர்க்கப்பட்ட அந்நூலின் விரிவாக்கிய இரண்டாம் பதிப்பு 1992-ஆம் ஆண்டு வெளிவந்தது. உலகெங்கும் இத்துறையில் நுழையும் மாணவர்க்கு அது வழிகாட்டியாயிற்று.

அடைபட்ட நீர்மப் படிகம்

நீர்மப் படிகம் திறந்த வெளியில் பயன்படுவதில்லை. திரையில் அது இரு கண்ணாடித் தகடுகளுக்கு இடையே, சில மைக்ரோமீட்டர் இடைவெளியில் அடைபட்டிருக்கும். குடத்தின் ஓரத்தில் உள்ள ஓலை குடத்தின் சுவரை ஒட்டியே கிடக்க வேண்டியிருப்பதுபோல், தகட்டை ஒட்டிய மூலக்கூறும் தகடு காட்டும் திசையிலேயே நிற்கும். அதன் திசையை அடுத்த மூலக்கூறு பின்பற்றும். மின்புலம் வந்து திருப்பும்போது மூலக்கூறுகள் திரும்பும். மின்புலம் நீங்கினால் தகட்டின் ஆணைக்கு மீளும். இத்திருப்பமும் மீட்சியுமே திரையில் இருளும் ஒளியுமாகத் தெரிகின்றன. மீள்வதற்கு ஆகும் நேரம் இடைவெளியின் இருமடிக்கு ஏற்ப அமையும். இடைவெளியைப் பாதியாக்கினால் மீளும் நேரம் கால் பங்காகக் குறையும். அடைப்பு, மூலக்கூறுகளின் இயக்கத்தை இவ்வாறு ஆள்கின்றது.

இரு தகடுகளுக்கு மாறாக, எண்ணற்ற நுண்துளைகள் தாறுமாறாக அமைந்த கண்ணாடிக்குள் நீர்மப் படிகத்தைப் புகுத்தினால் யாது நிகழும்? ஏறத்தாழ 7 நானோமீட்டர் அளவுள்ள சிலிக்காத் துகள்களை அதனுள் கலந்தால் அவை ஒன்றையொன்று பற்றி வலைபோல் பின்னிக்கொள்ளும்; அவ்வலைக்குள் சிக்கிய மூலக்கூறுகளின் நிலை யாது? ஒவ்வொரு சுவரும் ஒவ்வொரு திசையைக் காட்டும். மூலக்கூறுகள் எதைப் பின்பற்றுவது என்று அறியாமல் சிறுசிறு குழுக்களாகப் பிரியும். குழுவுக்குள் ஒழுங்கு உண்டு. குழுக்களுக்கிடையே ஒழுங்கு இல்லை. அதனால் நிலைமாற்றத்தின் வெப்பநிலை தாழும். திடீரென நிகழ்ந்த மாற்றம் கூர்மை இழந்து பரவலாக நிகழும். மூலக்கூறுகளின் அசைவு மிகமிக மந்தமாகும்.

உலகின் பல ஆய்வகங்களும் இவ்வினாக்களை ஆராய்ந்தன. சந்திரசேகர் பின்னாளில் நிறுவிய மையத்தின் ஆய்வாளர்களும் சிலிக்கா வலையில் சிக்கிய நீர்மப் படிகங்களில் ஒளியைப் பாய்ச்சி நிலைமாற்றத்தை அளந்தனர். புறஊதா ஒளி பட்டால் வளைந்துவிடும் மூலக்கூறுகளைக் கலந்து, வெப்பத்தை மாற்றாமலே ஒழுங்கைக் குலைத்தும் மீட்டும் காட்டினர். ஒழுங்கு எவ்வாறு குலைகின்றது என்று மைசூரில் தொடங்கிய வினா, புதிய தலைமுறையின் கையில் புதிய வடிவம் பெற்றது.

ஓய்வறியா உழைப்பு

1990-ஆம் ஆண்டு சந்திரசேகர் பணி ஓய்வு பெற்றார். அறுபது வயதில் பலரும் ஓய்வை நாடுவர். அவர் புதியதோர் ஆய்வகத்தை நிறுவ முற்பட்டார். பாரத் மின்னணு நிறுவனத்தின் துணையோடு பெங்களூருவின் சாலஹள்ளிப் பகுதியில் 1991-ஆம் ஆண்டு நீர்மப் படிக ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. திரைகளை ஆக்கும் தொழிற்கூடமும் மூலக்கூறுகளை ஆராயும் ஆய்வுக்கூடமும் அருகருகே இருத்தல் வேண்டும் என்பது அவரது நோக்கம். அம்மையம் பின்னர் நடுவண் அரசின் தன்னாட்சி நிறுவனமாகி, இன்று நானோ மற்றும் மென்பொருண்ம அறிவியல் மையம் என்னும் பெயரோடு விளங்குகின்றது.

பன்னாட்டு நீர்மப் படிகக் கழகத்தின் நிறுவனத் தலைவராகவும் அவர் விளங்கினார். 1972-ஆம் ஆண்டு பட்னாகர் பரிசும், 1983-ஆம் ஆண்டு இலண்டன் அரச கழகத்தின் உறுப்பினர் தகுதியும், 1994-ஆம் ஆண்டு அக்கழகத்தின் அரசப் பதக்கமும் அவரை வந்தடைந்தன. 1998-ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் நீல்சு போர் தங்கப் பதக்கத்தையும் இந்திய அரசின் பத்மபூஷண் விருதையும் பெற்றார். 2004-ஆம் ஆண்டு மார்ச்சு 8-ஆம் நாள் அவர் இயற்கை எய்தினார்.

அவர் விட்டுச்சென்றவை வாழ்கின்றன

கருவிகள் குறைந்த புதிய துறையில் தொடங்கி, உலகம் திரும்பிப் பார்க்கும் ஆய்வுப் பள்ளியை உருவாக்கியவர் சந்திரசேகர். பிறர் கைவிட்ட களத்தைத் தேர்ந்தெடுத்ததும், நிலைபெற்ற விதிக்கு அப்பால் எண்ணியதும், வேதியியலாரையும் இயற்பியலாரையும் ஒரே குறிக்கோளில் இணைத்ததும் அவரது வெற்றிக்குக் காரணங்களாயின. மைசூரிலும் பெங்களூருவிலும் அவரிடம் பயின்றோரும், அவரிடம் பயின்றோரிடம் பயின்றோரும் இன்று பல நிறுவனங்களில் அவ்வாய்வைத் தொடர்கின்றனர். கோல் வடிவ மூலக்கூறு தவிர மற்றது ஒழுங்கு பெறாது என்று எல்லாரும் நம்பியிருந்த நாளில், வட்டும் அணிவகுக்கும் என்று காட்டியது இந்தியாவின் சிறியதோர் ஆய்வகம். வினாவின் தகுதி, அது எழுந்த இடத்தின் பெருமையால் அமைவதன்று. அதனை விடாது தொடரும் உழைப்பால் அமைவது.

தெரிந்து தெளிவோம்

திசை ஒழுங்கின் அளவை அறிஞர்கள் ஓர் எண்ணால் குறிப்பர். எல்லா மூலக்கூறுகளும் முற்றிலும் ஒரே திசையில் நின்றால் அவ்வெண் 1. திசையே இல்லாமல் சிதறிக் கிடந்தால் 0. நெமாட்டிக் நீர்மப் படிகத்தைச் சூடாக்கும்போது இவ்வெண் மெல்லக் குறைந்து, நிலைமாற்றத்தின் விளிம்பில் ஏறத்தாழ 0.3 முதல் 0.4 வரை நிற்கும்; பின்னர் ஒரே தாவலில் 0 ஆகிவிடும்.

கற்பவை கற்றபின்

1. கணக்கிடும் கருவியின் திரையை முனைவுக் கண்ணாடியால் நோக்கி, கண்ணாடியை மெல்லச் சுழற்றும்போது காணும் மாற்றத்தைக் குறிப்பெடுத்து வகுப்பில் பகிர்க.

2. ஓலைத் துண்டுகளையோ தீக்குச்சிகளையோ ஒரு சிறு பெட்டியிலிட்டு, திண்மம், நெமாட்டிக், நீர்மம் ஆகிய மூன்று நிலைகளையும் அமைத்துக் காட்டுக. பெட்டியின் சுவரை ஒட்டிய துண்டுகள் எவ்வாறு கிடக்கின்றன என்பதையும் நோக்குக.

3. கண்டுபிடித்த காலத்தில் அறியப்படாமல், பின்னர்ப் போற்றப்பட்ட இந்திய அறிவியலாளர் ஒருவரைப் பற்றி ஒரு பக்க அளவில் கட்டுரை எழுதுக.